வாய் நிறையத் தண்ணீர்

வேம்புலியம்மாளின் வாயைப் பற்றிப் பருத்திப்பட்டில் தெரியாதவர்கள் என்று பார்த்தால் இரண்டே பேர்தான். ஒன்று, அன்றைக்குப் பிறந்த குழந்தை. இன்னொருவர், தெற்கேயிருந்து மாற்றலாகி வந்த எங்கள் உபதேசியார் ஏசுவடியான். குழந்தைக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். உபதேசியாருக்குத்தான் கொஞ்சம் நாள் பிடித்தது.

ஆவடியில் டேங்க் பாக்டரி வந்த புதிது அது. நாற்று நட்டுக் களை பறித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் பாக்டரிக் குவார்ட்டர்ஸ் கட்டுகிற இடத்தில் சித்தாளாகச் சேர்ந்திருந்தார்கள். வேம்புலியம்மாளும் சேர்ந்தாள். மேஸ்திரி எவளிடமாவது வாலாட்டினால் மற்றவர்கள் இவளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றுகொள்வார்கள். 'கஸ்மாலம்' என்று ஆரம்பிப்பாள். அது வெறும் பிள்ளையார் சுழி. அதற்குப் பிறகு வருகிறதை நான் இங்கே எழுத முடியாது. மேஸ்திரியின் தாத்தா பாட்டி வரைக்கும் எழுந்து வந்து வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வேம்புலியம்மாளின் வாயால் அவள் தெருவில் பாதிப் பேர் பிழைத்தார்கள்.

அப்போது எங்கள் சபைக்கு ஏரிக்கரைக்குக் கீழே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஜெபக்கூடம் இருந்தது. வலப்பக்கம் ஆண்களுக்குப் பாய், இடப்பக்கம் பெண்களுக்குப் பாய். பாக்டரியில் பிட்டராக இருந்த நான் வலப்பக்கத்துச் சுவரில் சாய்ந்து தூங்குகிறவன். பாஸ்டர் பட்டணத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஞானஸ்நானம், திருவிருந்து எல்லாம் அன்றைக்குத்தான். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் எங்களை மேய்த்தார்.

ஏசுவடியான் நல்ல மனிதர். நாலு தலைமுறைக் கிறிஸ்தவர். ரொம்பக் கோபம் வந்தால் 'என்னப்பா இது' என்பார், அதுவே அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்ச வசவு. பாவத்தோடு மல்லுக்கு நிற்க அவருக்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை என்று நினைக்கிறேன். வெள்ளை வேட்டியில் பிறந்து வெள்ளை வேட்டியிலேயே வளர்ந்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

வேம்புலியம்மாள் எங்களிடம் வந்தது சண்டை போடத்தான். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம். காய்ச்சலில் படுத்துக் கிடந்தவளுக்கு எங்கள் மூன்று மணிநேர ஆராதனையின் பாட்டுச் சத்தம் தலைவலியாகிவிட்டது. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாசலில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டார்கள். மழை வரப்போகிறது என்று தெரிந்த மாதிரி.

அந்த நேரத்தில் உபதேசியார், சிலுவையில் தொங்கியவரை எல்லோரும் எப்படி வைதார்கள், முகத்தில் எப்படித் துப்பினார்கள், அவர் எப்படிப் பதிலுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமலிருந்தார் என்று பேசிக்கொண்டிருந்தார். வேம்புலியம்மாளின் வாய் திறந்தபடியே நின்றது. சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆராதனை முடிந்ததும் உபதேசியாரை வழிமறித்தாள்.

"அய்யா, அவுருக்கு வாய் வராதா?"

"வருமே. அருமையாப் பேசுவார்."

"அப்றம் ஏன் திருப்பித் திட்டல? அத்தினி பேரு வாய்க்கு வந்தத பேசறான், இவுரு கம்முனு கீறாரு. எப்டி முடிஞ்சிது?"

உபதேசியார் அதற்கு ஏதோ விளக்கம் சொன்னார். அவள் காதில் அது ஏறினதாகத் தெரியவில்லை. 'எப்டி முடிஞ்சிது, எப்டி முடிஞ்சிது' என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனாள். எங்களுக்கெல்லாம் அது வருடா வருடம் கேட்டுப் புளித்துப்போன கதை. வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அன்றைக்கு அந்தக் கூரைக்குக் கீழே அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலை குளித்து வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு வாரமும் தவறவில்லை. எழுத்து தெரியாதவள், கேட்டுக் கேட்டே ஜெபங்களையும், பத்துக் கற்பனைகள் என்கிற கட்டளைகளையும் மனப்பாடம் செய்தாள். பத்தையும் ஒப்பித்துவிட்டு, இதில் திட்டக்கூடாது என்று எங்கேயும் இல்லையே என்று ஒரு நாள் கேட்டாள். உபதேசியார் சிரித்தபடி, நாக்கைப் பற்றி வேதத்தில் வேறு பல இடங்களில் இருக்கிறது என்று சொல்லி எல்லாவற்றையும் எடுத்து வாசித்துக் காட்டினார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "அப்போ மாட்டிகினேன்" என்றாள்.

அவள் புருஷன் செங்கல்வராயன் சபைக்கு வரவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. புது சாமி நல்ல சாமிதான், வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறது என்று டீக்கடையில் சொல்லுவான்.

குறைந்தது உண்மை. நின்றுவிடவில்லை. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவரவர் விண்ணப்பத்தைச் சொல்லுவோம். ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்க வேண்டும், ஒருவருக்கு முழங்கால் வலி. வேம்புலியம்மாள் எழுந்து, "என் வாய்க்காண்டி ஜெபம் பண்ணுங்க" என்பாள். முதல் முறை பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அடுத்த வாரமும் அதே விண்ணப்பம். அதற்கடுத்த வாரமும் அதே. சிரிப்பு நின்று, பிறகு அலுப்பு வந்தது. கல்யாணமென்றால் ஒரு நாள் முடிகிறது, முழங்காலுக்குத் தைலம் கிடைக்கிறது. ஓயாத விண்ணப்பத்துக்கு யார்தான் ஓயாமல் ஜெபிப்பார்கள்? எங்களுக்குச் சீக்கிரம் பதில் வரும் விண்ணப்பங்கள்தான் பிடித்திருந்தன.

அவளுக்குப் பெரிய சோதனை தெருக்குழாய்தான். காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் விடுவார்கள். குடங்கள் வரிசையில் நிற்கும், மனுஷிகள் வரிசையில் நிற்கமாட்டார்கள். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஒரு வாய்த் தண்ணீரை நிறைத்து, உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். குழாயடியில் நிற்கும் வரைக்கும், குடத்தோடு வீடு திரும்பும் வரைக்கும் அதை விழுங்கவும் மாட்டாள், துப்பவும் மாட்டாள்.

கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்க, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நிற்பதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். பொடிசுகள் எதிரில் நின்று கோணங்கித்தனம் செய்து சிரிக்கவைக்கப் பார்க்கும். "இன்னாக்கா, ஞானஸ்நானம் வாய்க்குள்ளயே ஆயிடிச்சா?" என்று கேட்டு எதிர்வீட்டுக் கெங்கம்மாள் ஊரையே சிரிக்க வைத்தாள். வேம்புலியம்மாளின் வாயில் தண்ணீர் இருக்கிறவரை அவள் குடத்தைத் தள்ளி வைக்கலாம் என்பதும் எல்லோருக்கும் சீக்கிரமே புரிந்துபோயிற்று. முன்பெல்லாம் வந்த உடனே பிடித்துக்கொண்டு போனவள், இப்போது கடைசி ஆளாகப் பிடித்தாள்.

சில நாள் தாங்க முடியாமல் துப்பிவிடுவாள். அவள் துப்பினால் கூட்டம் தானாக விலகும், அப்புறம் நடப்பது பழைய கச்சேரி. அன்றைக்குச் சாயங்காலமே, வேறு யாரும் கோள் சொல்வதற்கு முன்னால், தானே உபதேசியார் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். "அய்யா, துப்பிட்டேன்" என்பாள். கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அழுவாள். மறுநாள் காலையில் பார்த்தால் கன்னம் உப்ப மறுபடி வரிசையில் நிற்பாள்.

உபதேசியார் ஒவ்வொரு முறையும் அவளுக்காக ஜெபித்தார். ஒவ்வொரு முறையும் ஞானஸ்நானத்தைத் தள்ளியும் வைத்தார். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவர் வந்த புதிதில் ஒரு ரிக்‌ஷாக்காரருக்கு அவசரப்பட்டு ஞானஸ்நானம் கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்த ஆள் அடுத்த வாரமே குடித்துவிட்டு ஜெபக்கூடத்து வாசலில் விழுந்து கிடந்தான். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. பாஸ்டர் எங்கள் எல்லோருக்கும் முன்னால் உபதேசியாரைக் கண்டித்துப் பேசினார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? நாக்கு முழுக்க அடங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் மனதில் முடிவு செய்துவிட்டார். அடங்கட்டும், அடங்கட்டும் என்றே மூன்று வருடம் ஓடியது.

கடைசியில் ஒரு கோடையில், மாதக்கணக்கில் அவள் ஒரு வார்த்தை தவறாமல் தாக்குப்பிடித்தாள். ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்த சமயம் அது. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது, குழாயடியில் தினமும் ரத்தக்களரி. அப்படிப்பட்ட நேரத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு நின்றது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உபதேசியார் பாஸ்டருக்குச் சொல்லி அனுப்பி, அவருடைய அடுத்த வருகையில் ஞானஸ்நானம் என்று நாள் குறித்துவிட்டார். வேம்புலியம்மாள் எங்கேயோ சொல்லி வைத்து ஒரு வெள்ளைப் புடவை வாங்கி, துவைத்துக் கஞ்சி போட்டு வைத்திருந்தாள். செங்கல்வராயன்கூட அன்றைக்கு வந்து பார்க்கிறேன் என்றிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, குளிப்பதற்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள். வாயில் வழக்கம்போல் தண்ணீர். அவளுக்கு முன்னால் தாட்சாயிணி நின்றாள். நிறைமாதக் கர்ப்பிணி. கெங்கம்மாள் வந்து தாட்சாயிணியின் குடத்தைக் காலால் நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். வேம்புலியம்மாள் கையைக் காட்டித் தடுத்தாள். கெங்கம்மாளுக்கு அது இளக்காரமாகப் போயிற்று.

"வாய்ல தண்ணி, இன்னிக்கு தலைலயும் தண்ணி, ஊட்ல மட்டும் தண்ணி இல்ல. நீ இன்னாத்துக்கு கைய ஆட்டற?"

சொல்லிவிட்டுத் தாட்சாயிணியை ஒரு இடி இடித்தாள். அந்தப் பெண் சேற்றில் வழுக்கி, குழாய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தப்பினாள்.

வேம்புலியம்மாள் துப்பினாள்.

அதற்குப் பிறகு வந்ததில் மாதக்கணக்கில் சேர்த்து வைத்த எல்லாம் இருந்தது. தாட்சாயிணிக்காகப் பரிந்து பேசியதோடு நின்றிருந்தால்கூட உலகம் மன்னித்திருக்கும். அவள் நிற்கவில்லை. கெங்கம்மாளின் தாய் செத்து அப்போது காரியம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. செத்த அந்தத் தாயையும் இழுத்துத் தெருவில் போட்டாள். கெங்கம்மாள் குடத்தை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்போதுதான் வேம்புலியம்மாளுக்குத் தான் பேசியது தன் காதிலேயே விழுந்தது.

ஜெபக்கூடத்தில் மணி அடித்தாகிவிட்டது. பாஸ்டர் உள்ளே அங்கி போட்டுக்கொண்டிருந்தார். வெளியே வேப்பமரத்தடியில் உபதேசியாரும் நானும் பாய்களை உதறிக்கொண்டிருந்தபோது, கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைப் புடவையில் அவள் வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அய்யா, துப்பிட்டேன்" என்றாள்.

நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். கெங்கம்மாளின் தாயைப் பற்றிச் சொன்னதையும் சொன்னாள். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மெதுவாக, "அடுத்த தடவை பாஸ்டர் வரும்போது பாத்துக்கிடலாம், வேம்புலியம்மா" என்றார்.

அவள் நகரவில்லை.

"அய்யா, தண்ணிய ஊத்திட சொல்லுங்க. ஊத்திகினு சண்ட போடறேன். இப்ப நான் ஒண்டியா போட்டுகினு கீறேன்."

"முதல்ல நாக்கை ஜெயிச்சிட்டு வாங்கம்மா. சபைக்கு ஒரு நல்ல பேர் வேணும்லா."

"ஜெயிச்சிட்டா அப்றம் எதுக்குய்யா நான் அவராண்ட வரணும்? தோத்துகினே கீறதாலதான வர்றேன்."

 பதில் இல்லாதபோது மனிதர்கள் செய்வதை உபதேசியாரும் செய்தார். நேரமாகிவிட்டது என்று சொல்லி உள்ளே போனார். பெயர்களைக் கேட்ட பாஸ்டரிடம், ஒரு ஆள் இன்னும் ஆயத்தப்படவில்லை என்று சொன்னார்.

வேம்புலியம்மாள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நானாக இருந்தால் போயிருப்பேன். அவள் உள்ளே வந்து, அதே வெள்ளைப் புடவையில், அதே கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். வேறு ஒரு குடும்பத்துக்கு ஞானஸ்நானம் நடந்ததை எட்டி எட்டிப் பார்த்தாள். எல்லாப் பாட்டையும் பாடினாள். வாசலில் நின்ற செங்கல்வராயன் உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஆராதனை முடிந்ததும் அவள் நேராகக் கெங்கம்மாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். கெங்கம்மாள் கதவைச் சாத்தினாள். மறுநாளும் போனாள். அன்றைக்கும் கதவு மூடிக்கொண்டது. அதற்கும் மறுநாள் போனாள். இதையெல்லாம் யாரும் உபதேசியாருக்குச் சொல்லவில்லை. கெட்டது நடந்தால் சொல்ல ஆள் இருந்தார்கள், இதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

குழாயடியில் கன்னம் உப்ப அவள் மறுபடி நின்றாள். மழைக்காலம் பிறந்தது. பாஸ்டர் வரும் நாள் நெருங்கியது. உபதேசியார் அந்தத் தடவை நிச்சயம் கொடுத்துவிடலாம் என்று மனதுக்குள் வைத்திருந்தாராம். மனதுக்குள் வைத்திருந்தார். அவளிடம் சொல்லவில்லை.

ஒரு காலையில் குழாயடியில் நின்றுகொண்டிருந்தவளின் வாயோரமாகத் தண்ணீர் ஒழுகியது. துப்பப்போகிறாள் என்று எல்லோரும் விலகினார்கள். குடம் முதலில் விழுந்தது, பிறகு அவள் விழுந்தாள். எல்லோரும் திகைத்து நிற்க, ஓடிப்போய் அவள் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டது கெங்கம்மாள்தான்.

பக்கவாதம். பட்டணத்து ஆஸ்பத்திரியில் பல நாள் வைத்திருந்து, உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். வலது கை போயிற்று, வலது காலை இழுத்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. பேச்சும் போயிற்று என்று சொன்னார்கள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே பாஸ்டர் வந்து போனதில் அந்தத் தடவையும் கைநழுவியிருந்தது.

அவள் வீடு திரும்பியதும் உபதேசியார் பார்க்கப் போனார், நானும் கூடப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டாள். வாய் கோணிக்கொண்டு திறந்தது. 'வாங்கய்யா' என்று சொல்லத்தான் திறந்தாள்.

"கஸ்மாலம்" என்றாள்.

பளிச்சென்று, ஒரு எழுத்துக்கூடக் குழறாமல் வந்தது. வந்ததும் அவள் கண்ணில் ஒரு பயம் தெரிந்தது. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குப் பின்னாலிருந்து மறுபடியும் அதே சொல்.

செங்கல்வராயன்தான் விளக்கினான். எல்லா வார்த்தையும் போய்விட்டது, இது ஒன்றுதான் மிச்சம். சோறு வேண்டுமென்றாலும் இதுதான், போதுமென்றாலும் இதுதான். மூளையில் அடிபட்டவர்களுக்குச் சில பேருக்கு இப்படித்தான், பேச்சு போனாலும் வசவு மட்டும் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். தெருப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று அவளை அந்தச் சொல்லைச் சொல்லவைத்துச் சிரித்துவிட்டு ஓடுகிறார்களாம்.

உபதேசியார் மண்டியிட்டு ஜெபித்தார். முடிவில் 'ஆமென்' என்றார். அவளும் ஆமென் சொல்ல முயன்றாள். உதடு குவிந்து, கழுத்து நரம்பு புடைத்து, அவ்வளவு பாடுபட்டும் கடைசியில் வந்தது அந்தச் சொல்தான். அவள் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பக்கத்திலிருந்த சொம்பைக் காட்டினாள். செங்கல்வராயன் எடுத்துக் கொடுக்க, ஒரு வாய்த் தண்ணீரை நிறைத்து, கோணிய உதட்டை இடது கையால் பிடித்து மூடிக்கொண்டாள். பாதி ஒழுகிப் புடவையை நனைத்தது. மீதியை அப்படியே வைத்துக்கொண்டாள்.

"நாள் பூரா இப்பிடித்தான்" என்றான் செங்கல்வராயன். எங்களை வழியனுப்ப வெளியே வந்தவன், உபதேசியார் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நீங்க ஞாயித்துக்கெழம பாத்தீங்க. நான் தெனிக்கும் பாத்தேன். தோத்துட்டு வந்து அழுவா. காத்தால எய்ந்து திரும்ப தண்ணிய மொண்டு வாய்ல ஊத்திகினு போவா. உங்க சபைல அவ மாரி சண்ட போட்டவங்க யாருனா கீறாங்களா? அவளுக்கு தண்ணி ஊத்தறதுக்கு இன்னா உங்களுக்கு?"

உபதேசியார் அன்றைக்கு ஏரிக்கரை வழியாக வந்தார். ஏரியில் புதுத் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. 

அடுத்த முறை பாஸ்டர் வந்தபோது வேம்புலியம்மாளின் பெயர் முதலில் இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நான் முணுமுணுத்தேன். உபதேசியாரிடம் சொல்லக்கூடிய பழமொழி அது இல்லைதான், இருந்தாலும் என் வயிற்றெரிச்சல் அப்படி. சைக்கிள் ரிக்‌ஷாவில் அவளை அழைத்து வந்தார்கள். அதே வெள்ளைப் புடவை, கஞ்சி போடாமல். கெங்கம்மாள்தான் கட்டிவிட்டாளாம். ஜன்னலுக்கு வெளியே நின்று அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். வேம்புலியம்மாளின் கன்னம் உப்பியிருந்தது.

கேள்விகளுக்குத் தலையசைத்தால் போதும் என்று உபதேசியார் பாஸ்டரிடம் முன்கூட்டியே பேசியிருந்தார். பாஸ்டர் கேட்டார். அவள் தலையசைத்தாள். பொல்லாப்பையெல்லாம் விட்டுவிடுகிறாயா என்றார். அதற்கு இன்னும் வேகமாகத் தலையசைத்தாள். கடைசியாக, விசுவாசிக்கிறாயா என்று கேட்டார்.

அவள் தலையசைக்கவில்லை. உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தாள். வாயிலிருந்த தண்ணீரை மெதுவாக விழுங்கினாள். இந்தக் கேள்விக்காக அவள் காத்திருந்த நாளெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. தலையாட்டிவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. வாய் திறந்து சொல்ல ஆசைப்பட்டாள். உதடு குவிந்தது, கோணியது. நெற்றியில் வியர்த்தது.

"கஸ்மாலம்" என்றாள்.

பெண்கள் பக்கம் ஒரு இளிப்புச் சத்தம் கேட்டு உடனே அடங்கியது. பாஸ்டர் புத்தகத்திலிருந்து தலையை எடுத்தார். வேம்புலியம்மாளின் இடது கை வாயை நோக்கிப் போனது. அந்தக் கையை உபதேசியார் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே, "ஆமென்" என்றார்.  பாஸ்டர் பக்கம் திரும்பி, "அவங்க பதில் சொல்லிட்டாங்கய்யா. ஊத்துங்க" என்றார்.

பாஸ்டர் ஊற்றினார். தலையிலிருந்து நெற்றி வழியாக, கன்னம் வழியாக வழிந்த தண்ணீரை அவள் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டாள். பிடித்து, உதட்டை மூடிக்கொண்டாள். ஆராதனை முடியும் வரை விழுங்கவில்லை. ரிக்‌ஷாவில் ஏறி வீட்டுக்குப் போகும்போதும் கன்னம் உப்பியே இருந்தது.

எல்லோரும் போன பிறகு உபதேசியார் வேப்பமரத்தடியில், அன்றைக்கு அவள் வந்து நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பாயைச் சுருட்டிக்கொண்டு நான் பக்கத்தில் போனேன்.

"அன்னைக்கு இந்த எடத்துல அவ வாயில பதில் இருந்துச்சு தம்பி. அழகா, முழுசா இருந்துச்சு. கேக்க வேண்டியவன் நான். கேக்காம உள்ள போயிட்டேன்" என்றார்.

நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இப்போதாவது கொடுத்தாயிற்றே என்று சொல்ல வாய் வரை வந்தது. அது ஆறுதல் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

புதன்கிழமை ஜெபக்கூட்டம். கெங்கம்மாள் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு வாசலில் நின்றாள். அவரவர் விண்ணப்பம் சொன்னோம். ஒருவருக்கு மாற்றல் வேண்டும், ஒருவருக்கு வரன் வேண்டும். வேம்புலியம்மாளின் முறை வந்தது. வழக்கமாக அவள் எழுந்து நிற்கும் நேரம் அது. 

உபதேசியார் எழுந்து நின்றார்.

"வேம்புலியம்மா வாய்க்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "என் காதுக்காகவும் பண்ணுங்க" என்றார்.

எங்களில் யாரும் சிரிக்கவில்லை. கடைசிப் பாயில் வேம்புலியம்மாள் கன்னம் உப்ப, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.